ஆடிய திரையும் ஞாயிற்றுக்கிழமை கிரீஸும்

லேப்டாப் என்று பெயர்தானே தவிர, அதை மடியில் வைத்து ஒரு வேலையும் பார்க்க முடியாது. வேலை நடக்கிற சைட்டுக்கு எடுத்துப்போன இடத்தில் யாரோ அதன்மேல் பைப் ஸ்பானரைப் போட்டுவிட்டார்கள். திரை செத்துப்போயிற்று. மூடியைத் திறந்தால் ஒரே கறுப்பு. ஆனால் உள்ளே உயிர் இருந்தது. வேறொரு மானிட்டரின் வயரை அதன் பின்னால் செருகினால் படம் அந்த மானிட்டரில் தெரியும். மானிட்டரும் இன்றைக்கு இருக்கிற ஒல்லி ஜாதி இல்லை. முதுகு ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கண்ணாடிப் பெட்டி. இரண்டையும், கூடவே ஒரு மேசையையும் காலில் சக்கரம் வைத்த ஒரு பழைய ஆபீஸ் நாற்காலியையும் ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் முதலாளி வேனில் கொண்டுவந்து, திருவொற்றியூரில் கடலைப் பார்த்த தெருவில் இருந்த எங்கள் வீட்டில் இறக்கினார்.

எண்ணூர் போகிற வழியில் இருந்த இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. ஏணி, பிளாட்பாரம், பைப்பைத் தாங்குகிற சட்டம் இவற்றையெல்லாம் வெட்டிப் பற்றவைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் அளவோடு வரைந்து கொடுக்க வேண்டும். அந்த டிராயிங் அறையில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு அப்போது ஏழாவது மாதம். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட அந்த ரோட்டில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விடுவதா என்று நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது முதலாளிதான் இந்த யோசனையைச் சொன்னார். அவர் தெற்கத்திக்காரர், பேச்சு மெதுவாக இருக்கும்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள பன்னெண்டு டிராயிங் ஷீட்டு முடிச்சுக் குடு. சரியா வந்துச்சுன்னா பிள்ளை பெத்த பொறவும் வீட்டுல இருந்தே பாத்துக்கிடலாம். வரலன்னா வேற ஆளு போட வேண்டியதுதான். கோவிச்சுக்கிடாத தாயீ."

அவரே வயரைச் செருகி, இரண்டு பக்கத்துத் திருகையும் இறுக்கிவிட்டு, "இத மட்டும் தொட்டுராத. உள்ள இருக்க பின்னு வளைஞ்சா போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், ஷிஃப்டுக்குப் போய்வரும் என் கணவர், அவருடைய அப்பா. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமா துறைமுகத்தில் கிரேன் கயிறுகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கயிறு என்றால் கை மொத்தத்துக்கு இரும்புக் கம்பி முறுக்கிய கயிறு. வேன் வந்த அன்று அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஆபீசு வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா, வூடு எங்க போவும்?"

எனக்குச் சுருக்கென்றது. மருமகள் வேலைக்குப் போவது கிழவருக்குப் பிடிக்கவில்லை, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது இப்போது வெளியே வந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என் வாய்க்கு எங்கள் தெருவில் ஏற்கெனவே நல்ல பெயர் கிடையாது. அன்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவருக்குக் காபியை வைக்கும்போது டம்ளர் கொஞ்சம் சத்தமாகத்தான் தரையில் உட்கார்ந்தது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் படம் பாறை மாதிரி நின்றது. நான்கு ஷீட் முடித்தேன். சாயங்காலம் ஷிஃப்டுக்குப் போகும்போது கணவர் பென் டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுப்பார். பட்டறைக்கே அப்போது இருந்தது இரண்டு பென் டிரைவ்தான். அதைக் கொடுக்கும்போது ஏதோ நகையை அடகுக்குக் கொடுத்தனுப்புவதுபோல நான் நாலு தடவை பத்திரம் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டுக்கொண்டேன். ஞாயிறு எங்கள் வீட்டில் கிரீஸ் நாள். கடலோரத்துத் தெருக்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும். உப்புக்காற்று இரும்பை உயிரோடு விடாது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் கதவுக் கீல் உதிர்ந்து கையோடு வரும். அதனால் எல்லார் வீட்டிலும் தேங்காயெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ ஏதாவது ஒன்று இருக்கும். மாமா மட்டும் துறைமுகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். கயிறுகளுக்குத் தடவுகிற கரிய கிரீஸ் ஒரு பால் பவுடர் டப்பா நிறைய அவரிடம் இருந்தது. ஞாயிறு காலை சவரம் முடித்ததும் அந்த டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார். ஜன்னல் கொக்கி, கேட்டுத் தாழ்ப்பாள், டிரங்குப் பெட்டியின் பூட்டு, சைக்கிள் செயின், குடைக்கம்பி, கத்தரிக்கோல் என்று ஒன்றையும் விடமாட்டார். ஒருமுறை என் கொலுசின் திருகுக்கும் தடவிவிட்டார். நானும் கணவரும் அன்று அண்ணி வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினோம்.

திங்கட்கிழமை காலையில் படம் சரியாகத்தான் வந்தது. பதினோரு மணி வாக்கில் கோடுகள் லேசாக நடுங்க ஆரம்பித்தன. மத்தியானத்தில் படம் முழுவதும் ஆடியது. ஒரு நிமிடம் சிவப்பாகும், அடுத்த நிமிடம் பச்சையாகும், எழுத்துகளுக்குப் பக்கத்தில் அவற்றின் நிழல் இன்னொரு வரிசையாக நிற்கும். மூன்று எது எட்டு எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு வாந்தி மாதம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்றைக்கு மறுபடியும் குமட்டியது.

கரண்டுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். மத்தியானம்தான் மோசம், மத்தியானம்தான் பக்கத்து வீட்டம்மா தண்ணீர் மோட்டார் போடுவார். கணக்கு சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"யக்கா, நீ மோட்டாரப் போட்டுகினா என் வேலயே பூடும் போல கீது. இன்னா மோட்டாரு அது, தெரு கரண்டப் பூரா இழுத்துகினு?"

அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மோட்டாரைக் காட்டினார். மோட்டார் கழற்றிப் போட்டிருந்தது. உள்ளே கம்பிச்சுருள் கருகி மூன்று நாளாகக் குடத்தில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். "குந்தும்மா, மோர் குட்ச்சிட்டுப் போ, இந்த வெயில்ல இம்மாங்கோவம் ஆவாது," என்றார். குடித்துவிட்டு வந்தேன். மோர் நன்றாக இருந்தது, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

புதன்கிழமை வீட்டுக்குள்ளேயே எதிரியைத் தேடினேன். டேபிள் ஃபேனை நகர்த்தினேன். மேசையை ஜன்னல் பக்கம் தள்ளினேன். படம் நின்றபாடில்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. ரேடியோவில் ஸ்பீக்கர் இருக்கிறது, ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, காந்தத்தைக் கண்டால் இந்தப் பழைய மானிட்டருக்கு ஆகாது. இது பாலிடெக்னிக்கில் படித்த உண்மை. அந்தச் சின்ன ரேடியோவின் காந்தம் ஒரு செங்கல் சுவரைத் தாண்டி வராது என்பதும் உண்மைதான். அந்த இரண்டாவது உண்மையை நான் வசதியாக மறந்துபோனேன்.

"மாமா, அந்த ரேடியோவாலதான் ஆடுது. கொஞ்சம் வெளிய எடுத்துகினு போறீங்களா?" என்றேன். வார்த்தை மரியாதையாகத்தான் இருந்தது. குரல் இல்லை.

அவர் ரேடியோவை அணைத்து, கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் படகுகளை ஏற்றிவைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உச்சி வெயில். ஜன்னல் வழியாக அவர் தலைத்துண்டு தெரிந்தது. படம் அதே மாதிரிதான் ஆடியது. போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. ஆபீஸ் வீட்டுக்குள் வரக்கூடாது என்றவர்தானே, இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலே வெறுப்பு வருகிற ஒரு மத்தியானம் அது.

அன்றே தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவருக்குப் போன் போட்டேன். பட்டறைக்கு வழக்கமாக வருகிற ஆள். சனிக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டு, போனிலேயே வழி சொன்னார்.

"திரை ஒரு செகண்டுல எத்தினி வாட்டி புதுசாவுதுன்னு ஒரு நம்பர் இருக்கும்க்கா. அறுபதுன்னா எழுவத்தஞ்சு வை."

வைத்தேன். கண் உறுத்தல் கொஞ்சம் குறைந்தது. ஆட்டம் குறையவில்லை.

"வயரக் கழட்டி மாட்டிப் பாத்தியாக்கா?"

"பாத்துட்டேன் பாத்துட்டேன்," என்றேன்.

பார்க்கவில்லை. முதலாளி தொடாதே என்று சொன்னதைத் தொடப் பயம். அதைச் சொன்னால் இத்தனை வருஷம் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டியும் ஒரு வயரைக் கழற்றத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று வெட்கம். டாக்டரிடம் மாத்திரை போட்டேன் என்று சொல்கிற பொய் மாதிரி அது சரளமாக வந்தது. "அப்ப மானிட்டரு பூட்ச்சிக்கா, இல்லாங்காட்டி லேப்டாப்பு போர்டு பூட்ச்சி," என்றார் அவர்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, படம் ஆட ஆரம்பித்த நேரத்தில், முதலாளியின் போன் வந்தது. முந்தைய நாள் அனுப்பிய ஷீட்டில் ஒரு பிளேட்டில் துளைக்கும் துளைக்கும் நடுவே 380 என்று போட்டிருந்தேன். சைட்டிலிருந்து கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பிய குறிப்பில் 330. ஆடுகிற திரையில் அந்த மூன்று எனக்கு எட்டாகத் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, துளை போடுகிற மேஸ்திரி சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறார்.

முதலாளி கத்தவில்லை. "வீட்டுல தோதுப்படல போலிருக்கும்மா. உடம்பப் பாத்துக்கோ. சனிக்கிழமை நான் வந்து எடுத்துக்கிடுதேன்," என்று மட்டும் சொன்னார். எதை எடுத்துக்கொள்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேசையையும் பெட்டியையும் வேனில் ஏற்றுவது என் கண்ணுக்கு முன்னால் ஓடியது. அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். இரண்டு கையாலும் மானிட்டரைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினேன்.

படம் சட்டென்று நின்றது. பிறகு மஞ்சளாகி மறுபடியும் ஆடியது. வயர் அசைந்ததால்தான் நின்றது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. எல்லாவற்றையும் அணைத்தேன். லேப்டாப்பின் பேட்டரியையும் உருவினேன். முதலாளி தொடாதே என்ற திருகுகளைத் திருகினேன். இறுக்கமாக இருக்கும் என்று நினைத்தால் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றி வந்தன. வயரை இழுத்தேன். உள்ளே மூன்று வரிசையாகக் குட்டிக் குட்டிப் பின்கள் இருக்க வேண்டிய இடத்தில் கரிய குழம்பு அப்பியிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. அந்த வாசனையோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில் விடிகிறது.

கயிற்று கிரீஸில் பென்சில் கரி கலந்திருக்கும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். காலையில் அது இறுகிக் கிடக்கிறது. மானிட்டரும் லேப்டாப்பும் சூடேற ஏற இளகி, ஒரு பின்னில் போக வேண்டியதைப் பக்கத்துப் பின்னுக்கும் பங்கு வைக்கிறது. நான்கு நாளாக என்னைப் பைத்தியமாக அடித்த விஷயம் ஒரே நொடியில் விளங்கியது. அதைவிட வேகமாக இன்னொன்றும் விளங்கியதாக நினைத்தேன். வேண்டுமென்றே செய்திருக்கிறார். ஆபீஸை வீட்டை விட்டுத் துரத்த இதுதான் வழி என்று செய்திருக்கிறார்.

வயரின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரேடியோ பக்கத்தில் இருந்தது, பாடாமல்.

"இது நீங்கதான பண்ணது?"

"ஆமா," என்றார் சாதாரணமாக. "ஞாயித்துக்கெழம பண்ணேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய பூட்டீங்க. திருகுல துரு ஏறிகினு இருந்துச்சிம்மா. அத்தொட்டு கழட்டிட்டு, உள்ள நல்லா வச்சி மாட்னேன். ஏன்?"

"ஏனா? இதாலதான் மாமா ஆடுது! நாலு நாளா ஆடுது. அளவு தப்பாப் பூடுச்சி. சனிக்கெழம வந்து தூக்கினு போறாங்களாம். என் வேல பூடும்."

அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"கயிறு துரு புடிச்சா அறுந்துக்கும்மா. கீழ நிக்கறவன் காலி. முப்பது வருசம் அத்த ஒண்ணுதான் பாத்தேன். இந்த வயரு வந்து… இதுலதான உன் வேல தொங்கினு கீது. துரு புடிச்சி அறுந்துடக் கூடாதேன்னு…" என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். "அந்த ரேடியோ இல்லியா அப்போ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நேற்றிலிருந்து தன்னுடைய ரேடியோதான் மருமகளின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இல்ல மாமா. ரேடியோ இல்ல. நான் சும்மா சொன்னது," என்றேன்.

பிறகு அவர்தான் அசைந்தார். "கிரீஸ வைக்கத் தெரிஞ்சவனுக்கு எடுக்கவும் தெரியும். குடு," என்று கையை நீட்டினார்.

பழைய வேட்டித் துணியைக் கிழித்து, தீக்குச்சியில் சுற்றி, துளி மண்ணெண்ணெயில் தோய்த்து, அந்தப் பெரிய விரல்களால் பின் பின்னாகத் துடைத்தார். லேப்டாப் பக்கத்துத் துளைகளை நான் துடைத்தேன். மண்ணெண்ணெய் வாசனை போவதற்கு ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட்டை மருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்து இன்னொரு தரம் துடைத்தோம். பின்கள் பளிச்சென்று வெளியே வந்தன. அப்போதுதான் ஒன்று லேசாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஈயக்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் மூக்கை அதன்மேல் தொப்பி மாதிரி மாட்டி, மூச்சுப் பிடித்து நிமிர்த்தினேன். மாமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் எண்ணிப் பார்த்தேன். மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் ஐந்து, நடு வரிசையில் நான்கு.

"ஒண்ணு காணோம்," என்றேன். மாமா பாயைத் தட்டித் தேட ஆரம்பித்துவிட்டார். நான் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன்.

"நடு வரிசைல ஒண்ணு எப்பவுமே இருக்காதுக்கா, அது அப்டிதான் வரும்," என்றவர், ஒரு நொடி கழித்து, "அப்ப நேத்து கழட்டிப் பாத்தேன்னியே?" என்றார்.

"பொய் சொன்னேன்," என்றேன். அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே மாமாவுக்கும் கேட்டது. பாயைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரும் சிரித்தார்.

அரை மணி நேரம் ஃபேன் காற்றில் காயவைத்து மாட்டினோம். படம் வந்தது. மத்தியானம் வரை காத்திருந்தோம். அவர் என் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "ஆடுதா?" என்று கேட்டார். "ஆடல மாமா." இரண்டு மணிக்குக்கூட ஆடவில்லை. நான் எழுந்துபோய் ரேடியோவைக் கொண்டுவந்து, மேசைக்கு எட்டாத ஜன்னல் கட்டையில் வைத்து, நானே திருகிவிட்டேன்.

வியாழன் மிச்சமும் வெள்ளியும் சனி காலையும் உட்கார்ந்து, தப்பான ஷீட்டையும் சேர்த்துப் பன்னிரண்டையும் முடித்தேன். முதல் நான்கையும்கூட ஒருமுறை சரிபார்த்தேன். சனிக்கிழமை முதலாளி வேனோடுதான் வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கிரீஸ் என்றதும் அவர் மாமாவைப் பார்த்தார், மாமா தரையைப் பார்த்தார். முதலாளி பென் டிரைவை மட்டும் வாங்கிக்கொண்டார். "மேஸ்திரிகிட்ட குடுத்துப் பாக்குதேன்," என்று சொல்லி வெறும் வேனோடு திரும்பினார்.

ஞாயிறு காலை மாமா டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார். கொக்கி, தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் முடிந்தது. மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நடந்தார். அந்த நடையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"பன்னெண்டும் சரியா இருக்குன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு," என்றார் முதலாளி. "அந்த மேசை அங்கேயே கெடக்கட்டும் தாயீ. பிள்ளை பெத்துட்டு, உடம்பு தேறுன பொறவு ஆரம்பி. ஒம் மாமனாருகிட்ட டப்பாவ மட்டும் தூர வைக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். அவர் நான் உட்கார்ந்திருந்த அந்தச் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை எடுத்துவந்து, வலிக்கிற முழங்காலை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"இதுக்கு வைக்கலாமில்ல?" என்று சக்கரத்தைக் காட்டிக் கேட்டார். "ரொம்ப வருசத்துக்கு வோணுமேம்மா இது."

"வைங்க மாமா," என்று சொல்லிவிட்டு, அவருக்கு எட்டும்படி எழுந்து நின்றேன்.